பாதம் எரிகிறதா? சாப்பிட்ட மாத்திரையையும் நினைத்துப் பாருங்கள்

ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் வயிறு கெடும், வாய் கசக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அது நரம்பையும் தொடக்கூடும் என்பது பலருக்குத் தெரியாது. சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின், ஆஃப்லாக்சசின் மூன்றும் ஃப்ளூரோகுயினலோன் என்ற ஒரே குடும்பம். இவற்றைச் சாப்பிடும் சிலருக்கு உள்ளங்கால் எரியும், விரல்கள் மரத்துப்போகும், ஊசி குத்துவதுபோல் சுருக்கென்று வலிக்கும். மாத்திரை தொடங்கிய சில நாட்களிலேயே இது வரலாம், நிறுத்திய பிறகும் நீடிக்கலாம், நிரந்தரமாகவும் தங்கிவிடலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2013 ஆகஸ்டில் எச்சரித்தது. சைனஸ் தொற்று, சிக்கலில்லாத சிறுநீர்த் தொற்று போன்றவற்றுக்கு வேறு மருந்து இருக்கும்போது இவற்றைத் தர வேண்டாம் என்று 2016-ல் அதுவே சொன்னது.

இது அபூர்வம்தானே, எதற்கு இவ்வளவு பயம் என்று கேட்கலாம். அபூர்வம் என்பது உண்மை. பிரிட்டனின் மருத்துவப் பதிவுகளை வைத்து 2019-ல் வெளிவந்த ஆய்வு, இந்த மாத்திரைகளைச் சாப்பிடும் காலத்தில் நரம்புப் பாதிப்பு 47 சதவீதம் கூடுவதாகக் கண்டது; எண்ணிக்கையில் பார்த்தால் அது ஆண்டுக்கு 10,000 பேரில் கூடுதலாக 2.4 பேர்தான். ஆனால் கெடுதலை மட்டும் தனியே நிறுத்துப் பயனில்லை, கிடைக்கும் நன்மை எவ்வளவு என்று மறுதட்டில் வைக்க வேண்டும். கடுமையான சிறுநீரகத் தொற்றுக்கு இந்த மருந்து உயிரைக் காக்கும், அங்கே தட்டு தெளிவாக மருந்தின் பக்கம் சாயும். சளி வைரஸால் வருவது. அதற்கு மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கும் மாத்திரையால் கிடைக்கும் நன்மை பூஜ்யம். அப்போது அந்த 2.4 கூட அநியாயம்.

காசநோய் மருந்திலும் நரம்பைத் தொடக்கூடியது உண்டு; இப்படி எழுதினால் காசநோயாளிகள் பயந்து அதை விட்டுவிடுவார்கள் என்பது நியாயமான கவலை. அதற்குப் பதிலும் காசநோய் மருந்திலேயே இருக்கிறது. காசநோய்க்குத் தரும் ஐசோனியசிட், உடலில் பி6 வைட்டமினின் வேலையைத் தடுத்து நரம்பைப் பாதிக்கும். சிறிய அளவில் பி6, அதாவது பைரிடாக்சின், சேர்த்துக் கொடுத்தால் அதைத் தடுக்க முடியும் என்று சென்னையில் 1956-ல் தொடங்கிய காசநோய் மருத்துவ ஆய்வு மையம் 1960-களிலேயே நோயாளிகளிடம் சோதித்துக் காட்டியது. ஆபத்தை மறைத்ததால் அல்ல, அறிந்து வழி தேடியதால்தான் அந்த மருந்தைத் துணிந்து கொடுக்க முடிகிறது. பக்கவிளைவைச் சொன்னால் நோயாளி ஓடிவிடுவார் என்று நினைப்பது அவரைக் குறைத்து மதிப்பதாகும். சொல்லாமல் விட்ட எரிச்சல்தான் மருந்தைப் பாதியில் நிறுத்த வைக்கும்.

சர்க்கரை நோயாளிகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். பாத எரிச்சல் என்றாலே சர்க்கரைதான் காரணம் என்று முடிவுகட்டும் பழக்கத்தில், புதிதாகத் தொடங்கிய மாத்திரை கண்ணில் படாமலே போகிறது. ஆன்டிபயாடிக் சாப்பிடும் நாட்களில் எரிச்சலோ மரத்துப்போவதோ புதிதாகத் தொடங்கினால், அடுத்த மாத்திரை வரை காத்திருக்காதீர்கள். அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிட்டு, மாத்திரையின் பெயரையும் தொடங்கிய தேதியையும் சொல்லுங்கள்.