நீல பம்ப் மட்டும் போதுமா?

மூங்கில்துறைப்பட்டில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். ஆலையில் அரவை தொடங்கி, வெட்டிய கரும்பு வயல்களில் சோகை கொளுத்தும் மாதங்களில், "அண்ணே, அந்த நீல பம்ப் ஒண்ணு" என்று வருகிறவர்கள் கூடிவிடுவார்கள். சீட்டில் டாக்டர் இரண்டு பம்ப் எழுதியிருப்பார். இன்னொன்றையும் எடுத்து வைத்தால், "அது அடிச்சா ஒண்ணும் தெரியலண்ணே" என்று தள்ளிவிடுவார்கள்.

தெரியாதுதான். நீல பம்பில் இருப்பது சால்பியூட்டமால். மூச்சுக்குழாயைச் சுற்றி இறுகிய தசையைச் சில நிமிடங்களில் தளர்த்திவிடும். ஆனால் இளைப்பின் வேர், குழாயின் உட்சுவர்ச் செல்களில் இருக்கிறது. ஒவ்வொரு செல்லிலும் சுமார் 20,000 மரபணுக்கள்; அவற்றில் எது எப்போது, எவ்வளவு வேலை செய்கிறது என்பதில்தான் சங்கதி. ஆஸ்துமாக்காரர்களில் பலருக்குச் சளிப் புரதத்தைச் செய்யும் மரபணு ஓயாமல் ஓடும். 'ஆபத்து' என்று எதிர்ப்புச் செல்களைக் கூவி அழைக்கும் மரபணுக்களும் அப்படியே.

அமெரிக்காவில் மேத்யூ ஆல்ட்மன் என்ற ஆய்வாளரின் குழுவினர், ஒன்பது நகரங்களில் ஆஸ்துமா உள்ள 208 பிள்ளைகளுக்குச் சளி பிடிக்கும்போதெல்லாம் மூக்கைக் கழுவிய நீரையும் இரத்தத்தையும் எடுத்து, எந்த மரபணுக்கள் விழித்திருக்கின்றன என்று பார்த்தார்கள். 2019இல் வந்த முடிவு: முதலில் உட்சுவர்ச் செல்களில் சமிக்ஞை மாறுகிறது, சளிப் பெருக்கமும் ஈசினோபில் என்ற எதிர்ப்புச் செல்களின் ஆட்டமும் பின்னால்தான் வருகின்றன. சில பிள்ளைகளுக்கு வைரஸே இல்லாமலும் இளைப்பு முற்றியது. அந்த வகைக்கும் காற்றிலுள்ள நுண்துகள், ஓசோன் ஆகியவற்றுக்கும் தொடர்பு இருப்பதை 2023இல் காட்டினார்கள். சோகைப் புகையிலும் அதே நுண்துகள் உண்டு. ஆகவே "சளி இல்லையே, ஏன் இழுக்குது?" என்று கேட்கிறவரிடம், வயல் பக்கம் போனீர்களா என்று நான் கேட்பது வம்புக்கு அல்ல.

'ஒண்ணும் தெரியாத' பம்பில் இருப்பது புடசோனைடு போன்ற ஸ்டீராய்டு. அது செல்லுக்குள் நுழைந்து, கருவரை போய், அழற்சி மரபணுக்களை அடக்குகிறது. நாள் பிடிக்கும் வேலை. விட்டுவிட்டால் அவை மறுபடி தலைதூக்கும். ஸ்டீராய்டு என்றதும் தாய்மார்கள், "புள்ள ஊதிடுவானே" என்று பயப்படுகிறார்கள்; ஒரு இழுப்பில் போவது மைக்ரோகிராம் கணக்கு. சால்பியூட்டமாலை மட்டும் நம்பியிருப்பதை உலக ஆஸ்துமா வழிகாட்டுதலான 'ஜினா' 2019லேயே கைவிட்டது.

டாக்டர் சொல்லாமல் ஸ்டீராய்டு பம்பை நிறுத்தாதீர்கள். பிள்ளைகளுக்கு, பம்பில் மாட்டும் குழாயான ஸ்பேசர் வைத்துக் கொடுங்கள். இழுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படியலாம்.