குளிர்ந்த மூச்சு

மே மாதத்தில் தென்சென்னைப் பெரும்பாக்கத்தில் மதியம் வரை சாலை அனலாய்க் கொதிக்கும். அதன்பிறகு, நல்ல நாளாக இருந்தால், சோழிங்கநல்லூர்ப் பக்கமிருந்து கடற்காற்று நுழையும். வெயிலில் சூடேறிய தரைமேல் உள்ள காற்று இலேசாகி மேலே எழ, அந்த இடத்தை நிரப்ப வங்கக் கடலின் குளிர்ந்த, கனத்த காற்று ஊருக்குள் வருகிறது. இதற்கு விசிறி இல்லை, மின்சாரம் இல்லை. சூட்டுக்கும் குளிர்ச்சிக்கும் உள்ள எடை வித்தியாசம் ஒன்றை வைத்தே ஒரு மாநகரத்தின் தென்பகுதி முழுவதுக்கும் மூச்சு கொடுத்துவிடுகிறான் படைத்தவன்.

குளிர்ந்த காற்று கனமானது என்ற அதே விதியை நம்பித்தான் இந்தப் பக்கத்து இளைஞர்கள் தங்கள் டர்போ கார்களில், வெளியிலுள்ள குளிர்ந்த காற்றை இன்ஜினுக்குக் கொண்டுவரும் ‘கோல்டு ஏர் இன்டேக்’ வாங்கி மாட்டுகிறார்கள். 30 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.16 கிலோ. பானெட்டுக்குள் தேங்கி 60 டிகிரிக்குப் போய்விட்டால் அதே ஒரு கன மீட்டர் 1.06 கிலோதான். அடைக்கும் இடம் ஒன்றுதான். ஆனால் உள்ளே போகும் பிராணவாயு ஏறக்குறைய ஒன்பது சதவீதம் குறைந்துவிடுகிறது. ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். அதனால் இன்ஜினுக்குப் பசி பெட்ரோல்மீது இருப்பதைவிடக் காற்றின்மீதுதான் அதிகம்.

நம் இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஹூண்டாய் ஐ20 என் லைனை எடுத்துக்கொள்வோம். 2021-இல் வந்த வண்டி. 998 சிசி, மூன்று சிலிண்டர், டர்போ, 120 குதிரைத்திறன். நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடும்போது, டர்போவின் அழுத்தத்தைக் கணக்கில் சேர்க்காமலே, அது நிமிடத்துக்குச் சுமார் 1,500 லிட்டர் காற்றை இழுக்கும். நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒரு மூச்சுக்கு அரை லிட்டர், நிமிடத்துக்குப் பதினைந்து மூச்சு என்று வைத்தால், ஒரு நாளைக்கு 10,800 லிட்டர். நமக்கு இரவும் பகலும் போதுமான காற்றை அந்த இன்ஜின் ஏழே கால் நிமிடத்தில் குடித்துவிடும். இந்தக் கணக்கு எனக்கு இன்ஜினைவிட உடம்பின் மேல்தான் மரியாதையைக் கூட்டுகிறது. அந்த ஏழு நிமிடக் காற்றை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் நாள் முழுக்கப் பேசுகிறான், யோசிக்கிறான், பிள்ளையை மடியில் வைத்துக் கதை சொல்கிறான்.

இந்த இன்டேக்கை மாட்டும் வேலையைப் பக்கத்தில் நின்று பார்ப்பதே ஒரு பாடம். எங்கள் தெருப் பையன் ஒருவனுடைய காருக்கு வயதான மெக்கானிக் ஒருவர் மாட்டிக் கொடுத்தார். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, கம்பெனி ஏர் ஃபில்டர் பெட்டியின் கிளிப்புகளைத் தட்டி எடுத்தார். உள்ளே இருந்த காகித ஃபில்டரைத் தினத்தாள்மேல் வைத்து மெல்லத் தட்டினார். செம்மண் தூசி, வேப்பம்பூவின் காய்ந்த துணுக்குகள், ஈசலின் கண்ணாடிச் சிறகுகள். மடிப்புக்கு மடிப்பு அப்பிக்கொண்டிருந்தன.

“தம்பி, இதெல்லாம் உள்ள போயிருந்தா என்ன ஆவும்? டர்போ சக்கரம் ரெண்டு லட்சம் சுத்துக்கு மேல சுத்துது. ஒரு மணல் போதும்” என்றார்.

புதிய கூம்பு ஃபில்டரை ரேடியேட்டர் சூடு படாத மூலையில் வைத்தார். அதற்கும் இன்ஜினுக்கும் நடுவில் ஹீட் ஷீல்டு தகடு. அதன் விளிம்பில் ஓடும் ரப்பர் பானெட்டை மூடினால் ஒட்டி அமர வேண்டும்; இடைவெளி இருந்தால் சூடான காற்றுதான் உள்ளே போகும், செலவழித்தது வீண். முன் கிரில்லின் பின்னாலிருந்து வெளிக்காற்றைக் கொண்டுவரும் குழாய், அப்புறம் சிலிகோன் ஹோஸ், கிளாம்ப். ஒவ்வொரு கிளாம்ப்பையும் முறுக்கிய பிறகு விரலை விட்டுச் சுற்றிலும் தடவிப் பார்த்தார். ஃபில்டரைத் தாண்டி எங்காவது சின்னக் கசிவு இருந்தாலும் வடிகட்டாத தூசி நேரே டர்போவுக்குப் போய்விடும் என்பதால் அந்தத் தடவல்.

நம் மூக்கில் இந்த வடிகட்டும் வேலை எப்படி நடக்கிறது? வாசலில் முடி பெரிய தூசியைத் தடுக்கிறது. உள்ளே சுருண்ட எலும்புகளின்மேல் ஈரமான சவ்வு. வளைந்து திரும்பும் காற்று அதில் மோதி நுண்தூசியை விட்டுவிட்டுப் போகிறது. அதற்கும் தப்பியதை மூச்சுக்குழாயின் சளிப்படலம் பிடிக்கிறது. அந்தப் படலத்தைக் கண்ணுக்குத் தெரியாத குற்றிழைகள் விநாடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் அசைந்து தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. தன்னைத் தானே துடைத்துக்கொள்ளும் ஃபில்டர்! பிறந்த நாளிலிருந்து மாற்ற வேண்டியதே இல்லை.

டர்போவின் சூட்சுமம் வேறு. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃப்ரெட் பூக்கி 1905-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். வீணாக வெளியேறும் புகையின் வேகத்தால் ஒரு சக்கரத்தைச் சுற்றவைத்து, அதே அச்சில் உள்ள இன்னொரு சக்கரத்தால் புதுக்காற்றை அமுக்கி உள்ளே தள்ளுவது. விட்ட மூச்சை வைத்து அடுத்த மூச்சுக்கு உதவுவது. பாலைவன ஒட்டகத்தின் மூக்கிலும் இந்தச் சிக்கனம் உண்டு. கனுட் ஷ்மிட்-நீல்சனும் உடன் ஆய்ந்தவர்களும் 1981-இல் அதை வெளியிட்டார்கள். இரவில் ஒட்டகம் இழுக்கும் குளிர்ந்த காற்று நாசிச் சவ்வைக் குளிரவைக்கிறது. வெளிவிடும் மூச்சின் ஈரம் அங்கேயே தங்கிவிடுகிறது. நுரையீரல் வரை போய் வந்த நீரை வாசலிலேயே நிறுத்தி வைத்துக்கொள்கிற ஏற்பாடு அது.

இதையெல்லாம் விஞ்சிய ஒரு மூச்சு உண்டு. குளிர்காலத்தில் திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்துக்குப் போனால் பார்க்கலாம்: சாம்பல் உடம்பு, வெள்ளைத் தலை, பின்தலையில் இரண்டு கறுப்புப் பட்டை. வரித்தலை வாத்து. மத்திய ஆசியாவில் குஞ்சு பொரித்துவிட்டு இமயத்தைத் தாண்டி வருகிறது. கருவி பொருத்திப் பின்தொடர்ந்த ஆய்வில் ஒரு வாத்து 7,290 மீட்டர் உயரம் தொட்டது பதிவாகியிருக்கிறது. அங்கே காற்றில் பிராணவாயு கடல் மட்டத்தில் இருப்பதில் பாதிக்கும் குறைவு. நாம் அங்கே நாலு அடி எடுத்து வைத்தால் மூச்சு முட்டும், அது சிறகடிக்கிறது.

எல்லாப் பறவைகளையும் போல அதன் நுரையீரலில் காற்று ஒரே திசையில் ஓடுகிறது. நாம் இழுத்த வழியிலேயே விடுகிறோம்; அதனால் பழைய காற்றும் புதுக்காற்றும் கலந்துவிடும். பறவைக்கோ காற்றுப்பைகள் இருக்கின்றன. இழுக்கும்போதும் விடும்போதும் நுரையீரல் வழியே புதுக்காற்றுதான் பாய்கிறது. இந்த வாத்தின் ஹீமோகுளோபினில் உள்ள சிறு மாற்றம், மற்ற வாத்துகளுடையதைவிட இறுக்கமாக ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளச் செய்கிறது.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆய்வாளராக இருந்த ஜெசிகா மெயிர் இந்த வாத்துக் குஞ்சுகளைத் தாய்போல வளர்த்தார். முகமூடி மாட்டி, ஆக்சிஜன் குறைந்த காற்றைக் கொடுத்து, காற்றுச் சுரங்கத்துக்குள் பறக்கப் பழக்கினார். 2019-இல் அவரும் கூட்டாளிகளும் வெளியிட்ட முடிவுகளில் என்னைக் கைகூப்ப வைத்த வரி ஒன்று உண்டு: பறக்கும்போது இதயத்துக்குத் திரும்பும் இரத்தத்தின் வெப்பம் குறைகிறது. குளிர்ந்த இரத்தம் நுரையீரலில் ஆக்சிஜனைக் கூடுதலாக ஏற்றிக்கொள்ள அது உதவக்கூடும் என்றார்கள். பெரும்பாக்கத்து ஒர்க்‌ஷாப்பில் தகடும் ரப்பரும் வைத்து நாம் தேடுகிற குளிர்ச்சியை, அந்த வாத்து முட்டைக்குள்ளேயே வாங்கி வந்திருக்கிறது. அதே ஆண்டு அக்டோபரில், விண்வெளி வீரராகிவிட்ட மெயிர் விண்வெளியில் நடந்தார், தன் மூச்சுக்காற்றை உடைக்குள் சுமந்துகொண்டு.

இன்டேக் வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். டர்போ காற்றை அமுக்கும்போதே அது நூறு டிகிரியைத் தாண்டிச் சூடாகிவிடும். அதைத் தணிப்பது இன்டர்கூலர். பெரும்பங்கு வேலை அதனுடையது. எவ்வளவு அழுத்தம் என்பதையும் இன்ஜின் கம்ப்யூட்டரே தீர்மானிக்கிறது. ஆகவே இன்டேக் மட்டும் மாட்டினால் கிடைக்கும் கூடுதல் சக்தி சொற்பம். டர்போவின் பாரம் கொஞ்சம் குறையும். காற்று உள்ளே பாயும் ஓசை காதில் விழும். அந்த ஓசைக்காகவே மாட்டுகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. மூச்சின் ஓசை அது.

ஆனால் நம் ஊருக்கென்று ஒரு எச்சரிக்கை உண்டு. பெரும்பாக்கமும் பள்ளிக்கரணைச் சதுப்பும் தாழ்ந்த நிலம்; சுற்றியுள்ள ஏரிகளின் உபரிநீர் இங்கே கூடித்தான் ஒக்கியம் மடுவு வழியாகக் கடலுக்குப் போக வேண்டும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் இந்தத் தெருக்களில் கார்கள் மூழ்கி நின்றன. குளிர்ந்த காற்று வேண்டும் என்று பம்பருக்குள் தாழ்வாக வைத்த ஃபில்டர் தண்ணீரையும் இழுக்கும். காற்றை அமுக்கலாம், நீரை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலேறும்போது கனெக்டிங் ராடு வளைந்துவிடும். நம் தொண்டையில் ஒவ்வொரு வாய்க்கும் தானே மூடிக்கொள்ளும் குரல்வளை மூடியைப் படைத்தவன் வைத்திருக்கிறான். காரின் குழாயில் அப்படி எதுவும் கிடையாது.

எனவே ஃபில்டரை உயரத்தில் வையுங்கள். கம்பெனிப் பெட்டியைத் தூக்கிப் போடாமல் பத்திரப்படுத்தி, ஐப்பசி பிறக்கும் முன் திரும்ப மாட்டிவிடுங்கள். தேங்கிய நீரில் வண்டி நின்றுவிட்டால் ஸ்டார்ட் பட்டனைத் தொடாமல் இறங்கித் தள்ளுங்கள்.