ஒரே ஒரு சர்வரை மறந்ததால்... 45 நிமிடங்களில் 46 கோடி டாலர் காலி!

2012, ஆகஸ்ட் 1. நியூயார்க் பங்குச் சந்தை காலை 9.30 மணிக்குத் திறந்தது. அடுத்த சில நிமிடங்களிலேயே ஏராளமான பங்குகள் கன்னாபின்னாவென ஏறி இறங்க ஆரம்பித்தன. யாரோ வெறிபிடித்ததுபோல வாங்கியும் விற்றும் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

அந்த 'யாரோ', மனிதர் அல்ல. நைட் கேப்பிட்டல் என்ற பங்கு வர்த்தக நிறுவனத்தின் சாஃப்ட்வேர்!

அன்றுதான் நியூயார்க் பங்குச் சந்தை, சிறு முதலீட்டாளர்களுக்கான புதிய திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதற்காக நைட் கேப்பிட்டல் புது கோட் எழுதி, சில நாள்களுக்கு முன்பிருந்தே தன் 8 சர்வர்களில் ஏற்றிவந்தது. 7-ல் ஏற்றிய ஊழியர், எட்டாவதை விட்டுவிட்டார். இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்ற விதிமுறையும் அங்கே இல்லை.

அதுமட்டும் என்றால், ஒரு சர்வர் சரியாக வேலை செய்யவில்லை என்பதோடு முடிந்திருக்கும். ஆனால், அந்தப் பழைய சர்வருக்குள் ஒரு பூதம் தூங்கிக்கொண்டிருந்தது.

'பவர் பெக்' என்பது அதன் பெயர். 2003-லேயே பயன்பாட்டை நிறுத்திவிட்ட வசதி. ஆனால், கோடை யாரும் நீக்கவில்லை. அதை இயக்கிய அதே சுவிட்ச்சைத்தான் புதிய வசதிக்கும் கொடுத்திருந்தார்கள். வீட்டில் பழைய மோட்டாரின் சுவிட்ச்சில் புது ஃபேனை இணைத்துவிட்டு, ஓர் அறையில் மட்டும் மோட்டார் வயரைக் கழற்றாமல் விட்டதுபோல!

கேட்ட அளவுக்குப் பங்குகள் வாங்கியாகிவிட்டதா என்று எண்ணிப் பார்த்து நிறுத்தும் பகுதியை 2005-ல் வேறு இடத்துக்கு மாற்றியிருந்தார்கள். அதன்பிறகு பவர் பெக்கை யாரும் டெஸ்ட் செய்து பார்க்கவில்லை. பயன்படுத்தாததை எதற்கு டெஸ்ட் செய்வானேன் என்று நினைத்திருக்கலாம். விளைவு, நிறுத்தத் தெரியாத இயந்திரம். 212 ஆர்டர்களுக்காக அது செய்த பரிவர்த்தனைகள் சுமார் 40 லட்சம். கைமாறியவை 39.7 கோடி பங்குகள்!

இதில் வேதனை என்னவென்றால், எச்சரிக்கை முன்பே வந்துவிட்டது. காலை 8.01-லிருந்து சந்தை திறப்பதற்குள், 'பவர் பெக்' பெயரைக் குறிப்பிட்டு 97 தானியங்கி மெயில்கள் ஊழியர்களுக்குப் போயின. அது அபாய மணி என்று யாருக்கும் சொல்லப்படவில்லை. யாரும் பார்க்கவும் இல்லை.

பிரச்னை வெடித்ததும் அவசரத்தில் புது கோட்தான் குற்றவாளி என நினைத்து, சரியாக இருந்த 7 சர்வர்களிலிருந்தும் அதை நீக்கினார்கள். எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றிய கதைதான். இப்போது எட்டிலும் பூதம்!

இன்று கவனமான நிறுவனங்கள் புது கோடை முதலில் ஒரு சர்வரில் மட்டும் ஏற்றி, சிறிது நேரம் கண்காணித்த பிறகே மற்றவற்றுக்குப் போகின்றன. எல்லாவற்றிலும் ஒரே வெர்ஷன் இருக்கிறதா என்பதை மனிதர் அல்ல, இன்னொரு சாஃப்ட்வேர் சரிபார்க்கிறது. நெட்ஃப்ளிக்ஸ் இன்னும் ஒரு படி மேலே. தன் சர்வர்களைத் தானே திடீர் திடீரென அணைத்து, சேவை தாக்குப்பிடிக்கிறதா என்று பார்க்கும் 'கேயாஸ் மங்கி' என்ற சாஃப்ட்வேரை உருவாக்கியது. அதை எல்லோருக்கும் இலவசமாக வெளியிட்டது, நைட் கேப்பிட்டல் சரிவுக்கு முந்தைய மாதம், 2012 ஜூலையில்.

நைட் கேப்பிட்டலின் நஷ்டம் 46 கோடி டாலரைத் தாண்டியது. சில நாள்களில் முதலீட்டாளர்கள் 40 கோடி டாலர் போட்டுக் காப்பாற்றினாலும், 2013-ல் அது கெட்கோ நிறுவனத்துடன் இணைந்தது. அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம், 1.2 கோடி டாலர் அபராதமும் விதித்தது.