கண்ணாடி மாற்றியும் பக்கப் பார்வை திரும்பவில்லையா?

எதிரில் நிற்பவர் தெரிகிறார். பக்கத்தில் வரும் மோட்டார் சைக்கிள் தெரிவதில்லை. ஸ்ரீமுஷ்ணம் போன்ற ஊர்களில் இதற்கு முதலில் நினைவுக்கு வருவது புரையும் கண்ணாடியும்தான். ஆனால் இரு கண்ணிலும் வெளிப்பக்கப் பார்வை மட்டும் மங்கினால், கோளாறு கண்ணுக்குப் பின்னால் இருக்கலாம்.

மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் சுரப்பி பிட்யூட்டரி. தைராய்டு, அட்ரினல் சுரப்பிகளுக்கு உத்தரவு இங்கிருந்துதான் போகிறது. இதில் வரும் கட்டி அநேகமாகப் புற்றுநோய் அல்ல. மேல்நோக்கி வளர்ந்தால், பார்வை நரம்புகள் சந்திக்கும் இடத்தை அழுத்தும். 1 செ.மீ. எட்டினாலே பெரிய கட்டி, 4 செ.மீ. தாண்டினால் ராட்சதக் கட்டி.

ஆபரேஷனுக்கு முன் ரத்தத்தில் புரோலாக்டின் அளவு பார்ப்பது கட்டாயம். அந்த ஹார்மோனைச் சுரக்கும் கட்டி, எவ்வளவு பெரிதானாலும், பெரும்பாலும் கேபர்கோலின் மாத்திரையிலேயே சுருங்கும். மற்றவற்றுக்கு மூக்கு வழி ஆபரேஷன். 1907இல் இன்ஸ்ப்ரூக்கில் ஹெர்மன் ஷ்லோஃபர் தொடங்கிய பாதை இது. இன்று எண்டோஸ்கோப் கொண்டு செய்கிறார்கள். இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையை 1949இல் ஜேக்கப் சாண்டி தொடங்கியது நம் வேலூர் சி.எம்.சி.யில்தான். கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்குப் புதுச்சேரி ஜிப்மர் இன்னும் பக்கம்.

"முழுசா எடுத்துட்டீங்களா, டாக்டர்?" என்றுதான் எல்லாக் குடும்பங்களும் கேட்கும். ராட்சதக் கட்டியில் பல நேரம் அது முடியாது. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனியைச் சுற்றி அது படர்ந்திருக்கும். அங்கே கை வைப்பது உயிருக்கே ஆபத்து. விட்டுவைத்த பகுதியும் ஆபரேஷனுக்குப் பின் ரத்தம் கசிந்து வீங்கக்கூடும். ஆகவே எவ்வளவு எடுப்பது, எங்கே நிறுத்துவது என்பதில்தான் மருத்துவரின் அனுபவம் இருக்கிறது. மீதிக்குக் கதிர்வீச்சோ, ஆண்டுதோறும் எம்.ஆர்.ஐ. கண்காணிப்போ உண்டு. சிலருக்கு மண்டையோட்டைத் திறக்கவும் நேரும்.

என் கணக்கில் முதல் வெற்றி பார்வை. நரம்பு சில மாதங்களே அழுந்தியிருந்தால் பலருக்கு அது தேறுகிறது; நரம்பு வெளுத்துப் போன பிறகு வந்தால் திரும்புவது அரிது.

வீடு திரும்பிய பிறகும் கவனம் வேண்டும். மூக்கிலிருந்து தண்ணீராக வடிந்தால் மூளைநீர்க் கசிவாக இருக்கலாம். அடங்காத தாகமும் அடிக்கடி சிறுநீரும் ஹார்மோன் குறைவின் அடையாளம். ஒரு வாரத்தையொட்டிச் சிலருக்கு ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலியும் மயக்கமும் வரும். ஸ்டீராய்டு மாத்திரை எழுதித் தந்திருந்தால் தானாக நிறுத்தவே கூடாது. விடாத வாந்தியால் மாத்திரை தங்காவிட்டால் காத்திருக்காமல், அருகிலுள்ள ஆஸ்பத்திரிக்கு டிஸ்சார்ஜ் சீட்டோடு போய், "பிட்யூட்டரி ஆபரேஷன் ஆனவர், ஸ்டீராய்டு ஊசி வேண்டும்" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.