கல்லடிப் பாலமும் நம்மட பாதையும்

கிண்ணியாவில் நாங்கள் 'பாதை' என்பது ரோட்டை அல்ல, ஆட்களை ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவையை. 2009இல் 396 மீற்றர் நீளப் பாலம் திறக்கும்வரை அதுதான் கதி. மட்டக்களப்பாருக்கோ 1924இலேயே கல்லடி உருக்குப் பாலம் கிடைத்துவிட்டது. ஆளுநர் மானிங்கின் மனைவி பெயரிலானது. அதன் சட்டங்கள் முக்கோணம் முக்கோணமாகப் பொருத்தப்பட்டவை. நாற்கோணத்தைத் தள்ளினால் சரியும், முக்கோணம் சரியாது. பாரம் ஏறினால் மேற்சட்டம் நெருக்குண்ணும், கீழ்ச்சட்டம் இழுபடும், சாய்சட்டங்கள் பாரத்தைத் தூண்களுக்குக் கடத்தும். அகலம்தான் குறை, எதிரே பஸ் வந்தால் காத்து நிற்க வேண்டியிருந்தது.

2013இல் பக்கத்தில் புதுப்பாலம் திறந்தார்கள். அது கட்டி முடியும்வரை பழையதில்தான் போக்குவரத்து. நம்மட குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டும் காலத்தில் சனங்களுக்கு மிதவைதான் மிஞ்சியது. 2021 நவம்பர் 23 காலை அது கவிழ்ந்தது; மௌத்தானவர்களில் பள்ளிக்கூடம் போன பிள்ளைகளும் இருந்தார்கள்.