கண்ணுக்குத் தமிழ், காதுக்கு உளறல்

பார்வையற்ற கல்லூரி மாணவர் ஒருவர் வரலாற்றுப் பாடக்குறிப்பு பிடிஎஃப் ஒன்றை அனுப்பி, "சார், என்விடிஏ இதை மட்டும் உளறுது" என்றார். திறந்தால் அழகான தமிழ். ஒரு வரியை காப்பி பண்ணி நோட்பேடில் ஒட்டினேன், வெறும் ஆங்கில எழுத்துகள். பாமினி எழுத்துரு! அதில் 'அம்மா' என்பது உள்ளுக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச். தமிழ் உருவம் எழுத்துரு போட்டுவிட்ட வேஷம்தான். திரைவாசிப்பான் உருவத்தைப் பார்க்காது, குறியீட்டைத்தான் படிக்கும். யூனிகோடில் தமிழ் 1991லேயே வந்தாச்சு, டிடிபி பழக்கம்தான் போகவில்லை. உங்கள் பாடக்குறிப்பையும் இப்படி ஒருமுறை ஒட்டிப் பாருங்கள்.

திங்கட்கிழமை அவருக்குத் தேர்வு. எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கி அனுப்பினேன். அட்டவணைகள் மட்டும் கலைந்துவிட்டன, அவற்றை போனில் வாசித்துக் காட்டினேன்.