அருவியில் குளித்தாலும் முகப்பரு போவதில்லையே, ஏன்?

குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால் பேரருவியிலும் ஐந்தருவியிலும் குளிக்கக் கூட்டம் அலைமோதும். அத்தனை வேகமாகத் தண்ணீர் முகத்தில் விழுந்தும் பரு மட்டும் ஏன் அசைவதில்லை?

பரு உருவாவது தோலின் மேலே அல்ல, மயிர்க்கால் துளைக்குள்ளே. தென்காசி வயலுக்குப் பாயும் சிற்றாற்று வாய்க்காலை நினைத்துக்கொள்ளுங்கள். மடையில் சருகு அடைத்தால் தண்ணீர் தேங்கும், பாசி பிடிக்கும், கரை உடையும். துளைக்குள் இறந்த செல்கள்தான் சருகு. தோல் சுரக்கும் எண்ணெய் தேங்க, அதில் பாக்டீரியா பெருக, இடம் சிவந்து வீங்குகிறது. மேலே விழும் அருவி அங்கே எட்டாது.

அப்படியானால் களிம்பு மட்டும் எப்படி எட்டுகிறது?

பருக் களிம்புகளில் சேரும் மருந்துகளில், சாலிசிலிக் அமிலம் எண்ணெயில் கரையும். அதனால் துளைக்குள் இறங்கிச் சருகை இளக்குகிறது.

பென்சாயில் பெராக்சைடு ஆக்சிஜனை வெளிவிடும். அந்தப் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் ஆகாது, மடிந்துவிடும். கவனம், துண்டும் தலையணை உறையும் திட்டுத்திட்டாக வெளுத்துப்போகும்!

அடாபலின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டவிடாது. அதாவது, மடை அடைபடாமலே காக்கிறது. இரவில், பட்டாணி அளவு எடுத்து முகம் முழுக்க மெல்லியதாகப் பூசுங்கள். கர்ப்பிணிகள் இதைத் தவிர்க்க வேண்டும்.

ஒரே வாரத்தில் பலன் தெரியாது. 8 முதல் 12 வாரம் பிடிக்கும். அவசரப்பட்டு ஸ்டீராய்டு கலந்த கிரீமைப் பூசாதீர்கள். முதலில் சிவப்பை அடக்கும், பிறகு பருவைக் கூட்டிவிடும். வலிக்கும் கட்டியாகவோ தழும்பாகவோ மாறினால் தோல் மருத்துவரைப் பாருங்கள்.